பத்துப் பக்கம் வேண்டாம்

கேள்வி: கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5 அசைன்மென்ட்டுக்கு உரியது. என் வகுப்பின் 60 மாணவர்களும் ஆளுக்குப் பத்துப் பக்கம் தருகிறார்கள். எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எழுத வைப்பதால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் கேள்வியை மாற்றினால்தான் உண்டு. ஒருமுறை எனக்கு வந்த அசைன்மென்ட் கட்டு ஒன்றில், ஸ்கெட்ச் பேனாவால் கரை கட்டிய முகப்புத்தாள்களுக்குப் பின்னே, பதினொரு தாள்களில் 'நெகிழ்ச்சி' என்ற சொல் 'நெகழ்ச்சி' என்றே இருந்தது. முதலில் மாணவர்கள் மீது கோபம் வந்தது. 'தேவை நெகிழ்ச்சியை விவரி', அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதை விளக்கு, என்று நான் கொடுத்த தலைப்புக்குப் பாடநூலிலேயே முழு விடையும் இருக்கும்போது, பார்த்து எழுதுவதைத் தவிர அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது பிறகுதான் உறைத்தது.

உங்கள் ஊர் உழவர் சந்தையின் விலைப்பலகையில் தக்காளி, சின்ன வெங்காயம் இரண்டின் விலையையும் இரண்டு வாரம் நாள்தோறும் குறித்துவரச் சொல்லுங்கள். விலை ஏறிய நாளில் தம் வீட்டில் எதை வாங்குவது குறைந்தது, எதை வாங்குவது குறையவில்லை, ஏன் என்பதை, பொருளியல் படிக்காத பாட்டிக்கு விளங்கும்படி ஒரே பக்கத்தில் எழுதட்டும். வாசிப்பவர் யாரென்று தெரிந்துவிட்டால் எழுதுபவருக்கு மனப்பாட வாக்கியம் கைகொடுக்காது. தனக்கே விளங்காத இடத்தில் பேனா நின்றுவிடும், அங்கேதான் படிப்பு தொடங்குகிறது. எழுதுவது கற்றதைக் காட்டும் வழி மட்டுமன்று, கற்கும் வழியே என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜானெட் எமிக் 1977இல் ஒரு கட்டுரையில் வாதிட்டதும் இதைத்தான். மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு எழுதி வந்தாரோ என்ற ஐயம் எழுந்தால், விலைக் குறிப்பை எதிரில் வைத்து, 'பத்தாம் நாள் ஏன் இறங்கியது?' என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திருத்தும் சுமையும் 600 பக்கத்திலிருந்து 60 பக்கமாகக் குறைகிறது. முதல் வரைவை வகுப்பிலேயே பக்கத்தில் இருப்பவர் படித்து, விளங்காத வரியின் கீழ் பென்சிலால் கோடிடட்டும். அதைச் சரிசெய்து எழுதிய தாளே உங்களிடம் வரட்டும். அதிலும் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம். வாதத்தில் உள்ள பெரிய குறை ஒன்றை மட்டும் முழு வாக்கியமாக எழுதுங்கள். 'விலை ஏறியது என்கிறீர்கள், வாங்கிய அளவைச் சொல்லவில்லையே' என்று நான் எழுதிய ஒரு வரியைப் படித்த மாணவி, மறுநாள் தம் அம்மாவின் கணக்கு நோட்டோடு வந்து நின்றார்.