மூலம்தானா, வெடிப்பா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஒரு மாதமாக மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பதுபோல் வலி. கழுவும்போது கொஞ்சம் சிவப்பாக ரத்தம். மூலம் என்று நானே களிம்பு வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. வலிக்குப் பயந்து போவதையே தள்ளிப்போடுகிறேன். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. (வாசகி, பெயர் வேண்டாம்)

பதில்: கண்ணால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஆசனவாய் வெடிப்பு, அதாவது ஃபிஷர் என்றுதான் படுகிறது. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது. அது புடைக்கும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ரத்தம் மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்து ஆளைப் பதற வைக்கும். வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால் வலிக்கும்தான், ஆனால் அப்போது நீலம்பாரித்த உருண்டை ஒன்று திடீரென்று கையில் தட்டுப்படும்.

வெடிப்பு என்பது இறுகிய மலம் கிழித்த கீறல். பெரும்பாலும் முதுகுப்பக்க நடுக்கோட்டில் இருக்கும். வலியில் அங்குள்ள வளையத்தசை இறுகிக்கொள்ளும், அதனால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாது. போய்விட்டு வந்த பிறகும் மணிக்கணக்கில் கடுப்பது இந்த இறுக்கத்தால்தான். நீங்கள் அடக்க அடக்க மலம் இன்னும் கெட்டியாகும், அடுத்த முறை மறுபடி கிழியும். நாள்பட்டால் கீறலின் ஓரத்தில் சின்னதாகத் தோல் தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலம் என்று வருபவர்கள் ஏராளம்!

களிம்பை நிறுத்துங்கள். மூலக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு, நாள்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். நார்ச்சத்து, தண்ணீர், தேவைப்பட்டால் மலமிளக்கி. வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் உட்காருங்கள், தசை தளரும். புதிய வெடிப்பு பெரும்பாலும் 6 வாரத்துக்குள் ஆறும். ஆறாவிட்டால் தசையைத் தளர்த்தும் களிம்பு தனியாக இருக்கிறது. அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

விண் விண்ணென்று தெறிக்கும் வலியும் காய்ச்சலும் வந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போங்கள். சீழ் விட்டுவிட்டுக் கசிந்தால் பௌத்திரமா (ஆசனவாயின் உள்ளிருந்து பக்கத்துத் தோலுக்கு உண்டாகும் புழை) என்று பார்க்க வேண்டும். மலத்தோடு கலந்த ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்), காரணமில்லாத எடைக்குறைவு, மலம் போகும் வழக்கத்தில் மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் எது இருந்தாலும், மூலம் இருப்பது உறுதியானவர்கள்கூட குடலைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

அப்புறம், கூச்சம். வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, ரத்தத்தை எங்கே பார்த்தீர்கள் என்று சொன்னாலே டாக்டருக்குப் பாதி புரிந்துவிடும். வெடிப்பைப் பெரும்பாலும் மெல்ல விலக்கிப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு வலி இருக்கும்போது விரல் விட்டுச் சோதிக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் தாராளமாகக் கேளுங்கள்.