மதுரைப் பக்கமிருந்து தனியார் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கலாமா?

கேட்டிருப்பவர் மேலூர்த் தம்பி. பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.ஏ. எகனாமிக்ஸ் இடம் கிடைத்திருக்கிறது, வீட்டிலோ பி.காம். எடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்கிறார்.

எனக்குத் திருமங்கலம். அதே வணிகவியல் பிரிவு, தமிழ் வழி. பிறகு மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இதே எகனாமிக்ஸ். பெயர் வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி. பிளஸ் டூவில் நாலாவது பாடம் வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடா? எங்கள் பள்ளியில் கணினிதான். பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டாயிற்று. பள்ளியில் பொருளாதாரம் என்றால் ஸ்மித், மார்ஷல், ராபின்ஸ் என்ற அறிஞர்கள் அதற்குத் தந்த வரையறைகளை ஒப்பிப்பது, தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வரைவது. அதற்கே முழு மார்க் வாங்கலாம். பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரிலேயே அந்தக் கோட்டின் சமன்பாட்டைக் கொடுத்து வகையிடச் சொன்னார்கள். அப்புறம் லக்ராஞ்சி பெருக்கி (கையில் இருப்பதற்குள் அதிகபட்சம் எது என்று கண்டுபிடிக்கும் கணித முறை), மூன்றாம் வருடம் எகனாமெட்ரிக்ஸ், அதாவது புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத் தரவை ஆராய்வது. சி.பி.எஸ்.இ.யில் கணக்கு படித்துவிட்டு வந்தவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்ற சிலர் மதிய இடைவேளையில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முடியாத காரியம் இல்லை, ஒரு வருடம் பல்லைக் கடிக்க வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் என்று முதுகலைக்கு எங்கே போக நினைத்தாலும் கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தனியார் பல்கலைக்கழகம் வாங்கும் பணத்துக்குக் கூடுதலாகத் தரக்கூடியது என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான்: ஒழுங்கான கணிதம், புள்ளியியல், கணினியில் தரவைக் கையாளும் பழக்கம். பொருளாதாரத்தை வேறு எங்கும் படிக்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லா செமஸ்டருக்குமான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் கணிதம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் எத்தனை தாள்கள், நடத்துபவர்கள் நிரந்தர ஆசிரியர்களா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்பதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். தாள்கள் பெயருக்குத்தான் இருக்கின்றன என்றால் யோசிக்கவே வேண்டாம், மதுரைக்குள்ளேயே சேருங்கள். 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது, தியாகராசர் இருக்கிறது, பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா. இங்கெல்லாம் பொருளாதாரம் பழைய துறை. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் கட்டணம் வீட்டுக்குச் சுமையாகத் தெரியாது. சுயநிதிப் பிரிவு வேறு கணக்கு, விண்ணப்பத்தில் எது என்று பார்த்துப் போடுங்கள்.

கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால், உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 3 லட்சம், மூன்று வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போதும் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனி வட்டியாகவே போட்டாலும் 2.7 லட்சம் சேர்ந்து, 9 லட்சம் 11.7 லட்சமாகி நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 15,500 ரூபாய். பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஜாமீனும் கேட்கும். பி.ஏ. முடித்த கையோடு கிடைக்கும் சம்பளத்தில் இந்தத் தவணை எவ்வளவு பெரிய துண்டு என்று அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் நிலம் ஒன்று விற்ற பணம் இருந்தது. அது இல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

சரி, போனதில் எனக்கு என்ன கிடைத்தது? மூன்றாம் வருட ப்ராஜெக்டைச் சொல்கிறேன். கீழமாரட் வீதி வெங்காய மார்க்கெட்டில் என் தாய்மாமா ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவரிடமிருந்து பல்லாரி, சின்ன வெங்காயம் இரண்டின் மொத்த விலையையும் தினமும் வாங்கிக்கொள்வேன். சில்லறை விலையை எங்கள் தெருக் கடைகளிலும் அண்ணா நகர் உழவர் சந்தையை ஒட்டிய கடைகளிலும் எடுத்தேன். “வெங்காய வெலைக்கு எதுக்குடா காலேஜு? ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும்” என்றார் மாமா. தரவு அப்படிச் சொல்லவில்லை. மண்டியில் ஏறினால் மறுநாளே கடையில் ஏறியது. மண்டியில் இறங்கினால் கடைக்காரர் பழைய விலையிலேயே நாள்கணக்கில் நின்றார். மாமா அதற்கும் பதில் வைத்திருந்தார்: கூடுதல் விலைக்கு வாங்கிய பழைய சரக்கு கையில் இருக்கும், நட்டத்துக்கா விற்பான்? இதை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டார்: “விலை ஏறும்போதும் மலிவாக வாங்கிய பழைய சரக்கு கையில் இருக்கத்தானே செய்கிறது? அதை ஏன் பழைய விலைக்கே விற்கவில்லை?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எகனாமிக்ஸ் பிடிபட்டது. தெருவில் ஒரே கடை என்றால் இறங்குவது மெதுவாக இருந்தது. உழவர் சந்தைப் பக்கம், பலகையில் விலை எழுதிப் போட்டிருக்கும் இடத்தில், சின்ன வெங்காயம் சீக்கிரம் இறங்கியது. வாங்குகிறவருக்கு அடுத்த கடை விலை தெரிகிறதா இல்லையா என்பதே பெரிய காரணமாகத் தெரிந்தது. (தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் அதே அண்ணா நகரில்தான் திறந்தார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.) இப்போது நான் பார்க்கும் வேலைக்கான நேர்காணலில் பாதி நேரம் இந்த வெங்காயத்தைப் பற்றித்தான் பேச்சு.

குறை என்றேனே, அது ப்ளேஸ்மென்ட், அதாவது படிப்பு முடியும்போது கல்லூரி வழியாகக் கிடைக்கும் வேலை. விளம்பரத்தில் போட்ட சதவீதம் எல்லாத் துறைகளையும் சேர்த்துப் போட்டது. எகனாமிக்ஸ் பிள்ளைகளுக்கு வந்த நிறுவனங்கள் பெரும்பாலும் எந்தப் பட்டமானாலும் சரி என்று விற்பனை வேலைக்கு ஆள் எடுத்தவை. துறைவாரியாகக் கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். இன்னொரு சின்ன வருத்தம்: கொலம்பியாவில் பொது நிதி படித்துவிட்டுக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது டி.கல்லுப்பட்டியில். எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர். மூன்று வருடத்தில் ஒரு வகுப்பில்கூட அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

வீட்டில் பி.காம். என்று சொல்வதற்குப் பதில்: சி.ஏ. போகிற எண்ணம் இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. வங்கித் தேர்வு, குரூப் 2, யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், இரண்டும் ஒன்றுதான். மத்திய அரசில் பொருளாதார அதிகாரியாகப் போவதற்கான இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு மட்டும் தனி. அதற்குப் பொருளாதாரத்திலோ அதன் கிளைப் பாடங்களிலோ முதுகலை வேண்டும், வயது 21-லிருந்து 30-க்குள். அந்த ஆசை இருந்தால் இளங்கலைப் பணத்தில் மிச்சம் பிடித்து எம்.ஏ.வுக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.