3 குண்டு தவறியும் தங்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த பயத்லானில் 10 குண்டில் 3 குறி தவறியவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கினாராமே, அது எப்படி?

பதில்: ரஷ்யாவின் அன்ஃபிசா ரெஸ்ட்சோவாதான் அவர். பெண்கள் பயத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1992 ஆல்பர்ட்வில் போட்டியில். சோவியத் ஒன்றியம் கலைந்த நேரம் என்பதால் அவர் ஒருங்கிணைந்த அணிக்காக 7.5 கி.மீ. ஸ்பிரிண்டில் இறங்கினார்.

ஸ்பிரிண்டில் இரண்டு முறை சுட வேண்டும்: முதலில் குப்புறப் படுத்து 5 குண்டு, பிறகு நின்றபடி 5 குண்டு. தவறும் ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 விநாடி போய்விடும். ரெஸ்ட்சோவாவுக்கு 3 சுற்று, இரண்டாவதாக வந்த ஜெர்மனியின் அன்ட்யே மிஸெர்ஸ்கிக்கு 2 சுற்று. ஒரு சுற்று கூடுதலாக ஓடியும் ரெஸ்ட்சோவா 15.9 விநாடி முந்தினார். சுடுதளத்தில் இருவரும் ஒரே நேரம் எடுத்ததாக வைத்தால், தடத்தில் மட்டும் அவர் சுமார் 40 விநாடி வேகம். இந்த விளையாட்டில் அது மலைக்க வைக்கும் இடைவெளி.

அந்த வேகத்துக்குக் காரணம் அவருடைய பழைய துறை. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி (சுடுதல் இல்லாத நெடுந்தூரப் பனிச்சறுக்கு) ரிலேயில் தங்கம், 20 கி.மீ.யில் வெள்ளி. இரண்டுமே ஃப்ரீஸ்டைல், அதாவது பலகைகளைப் பக்கவாட்டில் உந்திச் செல்லும் ஸ்கேட்டிங் முறைப் போட்டிகள். பயத்லான் ஓட்டமும் அதே முறைதான். ஆகவே முதல் குழந்தை பிறந்த பின் துறை மாறியபோது கால்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. முதுகில் குறைந்தது 3.5 கிலோ ரைஃபிளைச் சுமந்து ஓடுவதும் சுடுவதும்தான் புதிது. குளிர்கால ஒலிம்பிக்கில் இரு வேறு விளையாட்டுகளில் தங்கம் வென்ற முதல் பெண் அவரே. 1991-92, 1992-93 ஆகிய இரண்டு பருவங்களிலும் உலகக் கோப்பை ஒட்டுமொத்தப் பட்டமும் அவருக்குத்தான்.

கேள்வி: நின்று சுடும்போது குறி பெரிதாக இருந்தும் ஏன் அதிகம் தவறுகிறது?

பதில்: தூரம் 50 மீட்டர். படுத்துச் சுட 45 மி.மீ. குறி, நின்று சுட 115 மி.மீ. ஆனால் படுத்திருக்கும்போது இரு முழங்கைகளும் தரையில் ஊன்றியிருக்கும். கையில் மாட்டிய வார் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும். நின்றால் அந்த ஆதாரம் எதுவும் இல்லை. இடது முழங்கையை விலா அல்லது இடுப்போடு அணைத்து, எலும்பின் மேல் எடையை ஏற்ற வேண்டும். தசையால் தூக்கினால் மூன்றாவது குண்டுக்குள் கை நடுங்கிவிடும். சுடுதளத்துக்குள் வரும் கடைசி சில பத்து மீட்டரில் வேகத்தைக் கொஞ்சம் தணித்து மூச்சை ஒழுங்குபடுத்தாதவர்களுக்குக் கால்களும் சேர்ந்து ஆடும்.

குறிமுனை அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. அது நிற்கவே நிற்காது. காத்திருக்கும்போது மூச்சு முட்டி, கண் கலங்கி, கடைசியில் விசையைச் சடாரென்று இழுத்துவிடுவார்கள். விசைக்குக் குறைந்தபட்ச அழுத்தம் 500 கிராம். முதல் பாதியை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டு, குறிமுனை கறுப்பு வட்டத்தின் மேல் வரும்போது மிச்சத்தை மெல்ல அழுத்த வேண்டும். ஐந்தாவது குண்டு அடிக்கடி தவறக் காரணம் வேறு: மனம் அதற்குள் தடத்துக்குப் போய்விடுகிறது.

கேள்வி: ரிலேயில் 3 உபரி குண்டு தருகிறார்களே, அதனால் பெரிய லாபம் உண்டா?

பதில்: கண்டிப்பாக உண்டு. அவற்றை மேகஸினில் (துப்பாக்கியின் குண்டுப் பெட்டியில்) போட முடியாது. விறைத்த விரல்களால் ஒவ்வொன்றாகத் துப்பாக்கியின் குண்டறைக்குள் தள்ள வேண்டும். ஒன்றுக்குப் பத்து விநாடி வரை ஆகலாம். ஆனாலும் 25 விநாடிச் சுற்றைவிட மலிவு. அவசரத்தில் குண்டைப் பனியில் நழுவவிட்டால் அந்த லாபமும் கரைந்துவிடும். உபரியும் தீர்ந்த பிறகு விழாமல் மிஞ்சும் குறிகளுக்குத்தான் சுற்று. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் ரிலேயில் ஜெர்மனியின் ஒரு வீராங்கனை 6 சுற்று ஓட நேர்ந்தது. தலானோவா, ஸ்னித்தினா, நோஸ்கோவா, ரெஸ்ட்சோவா சேர்ந்த ரஷ்ய அணி ஏறக்குறைய 4 நிமிட இடைவெளியில் தங்கம் வென்றது.

கேள்வி: ரெஸ்ட்சோவா குடும்பத்தில் வேறு யாராவது பயத்லான் ஆடுகிறார்களா?

பதில்: மகள்கள் தாரியா, கிறிஸ்டினா இருவரும் பயத்லான் வீராங்கனைகள். கிறிஸ்டினா 2022 பெய்ஜிங்கில் பெண்கள் ரிலேயில் வெள்ளியும் கலப்பு ரிலேயில் வெண்கலமும் பெற்றார். தாயார் 2023 அக்டோபரில் காலமானார்.