தையலில் ஒட்டிய நஞ்சுக்கொடி: டாக்டர் சொன்னது சரிதான், தம்பி

மனைவிக்கு 31 வாரம், முன்பே இரண்டு சிசேரியன், பழைய தையலுக்குள் நஞ்சுக்கொடி ஊடுருவியிருக்கிறது, கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர், எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவ வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன்.

சாதாரணமாக குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி தானே கழன்றுவிடும்; கர்ப்பப்பை சுருங்கி ரத்தக் குழாய்களை இறுக்கிக்கொள்ளும். இங்கே அது சதைக்குள் வேர்விட்டிருக்கிறது. பிய்த்தால் சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போய்விடும். அதனால்தான் குழந்தையை எடுத்ததும் நஞ்சுக்கொடியைத் தொடாமல் கர்ப்பப்பையோடு எடுக்கிறார்கள். கர்ப்பப்பையைக் காக்கும் முறைகளும் உண்டு. ஆனால் ஆழமாகப் போயிருந்தால், பிறகு ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் வரலாம். இன்னொரு பிள்ளை ஆசை புரிகிறது. எனக்கு முதலில் உங்கள் மனைவியின் உயிர்தான் தெரிகிறது.

பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். ரத்த வங்கி, மயக்க மருந்து நிபுணர், சிறுநீர்ப்பை அறுவை மருத்துவர், பச்சிளங்குழந்தை ஐசியு எல்லாம் அங்கேயே இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறிவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைவென்றால் அதை இப்போதே கூட்ட வேண்டும். ரத்தம் கொடுக்க ஆட்களையும் சொல்லி வையுங்கள்.

அப்புறம், வலியே இல்லாமல் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108.