சால்ட்ஸ்மான் பாதிரியாரும் ஜிம்னாஸ்டிக்ஸும்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியில் ஜிம்னாஸ்டிக்ஸை வளர்த்தது ஒரு பாதிரியார் என்கிறார் எங்கள் மாஸ்டர். ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் என்பவர் என்றுதானே படித்தோம்?

பதில்: மாஸ்டர் சொல்வது சால்ட்ஸ்மானை. எர்ஃபுர்ட்டில் லுத்தரன் போதகராக இருந்தவர். 1781-இல், பாசடோ என்ற கல்வியாளர் தெசாவ் நகரில் தொடங்கிய பள்ளிக்கு வேலைக்குப் போனார். அங்கே பாடத்தோடு ஓட்டம், தாண்டுதல் எல்லாம் உண்டு. அப்புறம் 1784-இல், கோத்தா கோமகன் உதவியோடு, துரிங்கியாவில் உள்ள ஷ்னெப்ஃபென்டாலில் சொந்தப் பள்ளி தொடங்கினார். பெர்லினில் யான் தன் உடற்பயிற்சி மைதானத்தைத் திறந்தது 1811-இல்தான். அதே வருடம்தான் சால்ட்ஸ்மான் காலமானார்.

கேள்வி: பாதிரியாரே பயிற்சி கொடுத்தாரா?

பதில்: இல்லை. முதலில் ஆந்த்ரே என்ற ஆசிரியர் பார்த்துக்கொண்டார். 1785-இல் குட்ஸ்மூட்ஸ் என்ற இளைஞர், தான் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த கார்ல் ரிட்டர் என்ற சிறுவனைக் கூட்டிக்கொண்டு வந்தார் (பிற்காலத்தில் பெரிய புவியியல் அறிஞரானது அந்தப் பையன்தான்). வந்தவரை சால்ட்ஸ்மான் விடவில்லை, ஆசிரியராக வைத்துக்கொண்டார். அடுத்த வருடமே ஜிம்னாஸ்டிக்ஸ் அவர் கைக்கு வந்தது. திறந்தவெளியில்தான் பயிற்சி. உயரம் தாண்ட இரண்டு கம்பம் நட்டு, துளைகளில் முளை செருகி, குறுக்கே கயிறு போடுவார்கள். பையன் தாண்டிவிட்டால் முளை ஒரு துளை மேலே ஏறும். ஏறுவதற்குக் கம்பம், சமநிலைக்கு நீளமான மரம். இப்படி எளிமையான சாமான்கள்தான்.

இடமும் நேரமும் ஆளும் கொடுத்தது பாதிரியார். என்னைக் கேட்டால், அது சின்ன விஷயம் இல்லை. பையன்களை மரம் ஏற விடும் தலைமையாசிரியர் அன்றைக்கு எத்தனை பேர்?

கேள்வி: அப்படியானால் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகத்தில் எழுதியவர் சால்ட்ஸ்மான் என்று போட்டிருக்கிறதே?

பதில்: தப்பு அது. 1793-இல் ஜெர்மன் மொழியில் வந்த மூலநூல் குட்ஸ்மூட்ஸ் எழுதியது. 1800-இல் லண்டன் மொழிபெயர்ப்பில் பெயர் மாறிவிட்டது. சால்ட்ஸ்மானின் நீதிக்கதை நூலை மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் கொண்டுவந்திருந்தார். தெரிந்த பெயர் விற்கும் என்று நினைத்திருப்பார்கள், இது என் ஊகம்.

கேள்வி: போதகருக்கு இதில் என்ன அக்கறை? வேதத்தை விட்டுவிட்டாரா?

பதில்: விடவில்லை. ஆரோக்கியமும் அறிவும் நற்குணமும் மகிழ்ச்சியும் உள்ள மனிதர்களை உருவாக்குவதுதான் அவர் பள்ளியின் குறிக்கோள். ஆரோக்கியம் முதலில் வருவதைக் கவனியுங்கள்.

கேள்வி: யான் ஷ்னெப்ஃபென்டாலுக்குப் போனதுண்டா?

பதில்: 1807-இல் போயிருக்கிறார். அவரும் ஒரு போதகர் மகன்தான்! பள்ளி இன்றும் நடக்கிறது, சால்ட்ஸ்மான் பெயரிலேயே.