ஆறு வருஷம் ஹாபிங் போட்டவனுக்கு எதுக்கு மறுபடி ட்ரெய்னிங்?

தம்பி, அம்பத்தூர்ல ஆறு வருஷம் கியர் ஹாபிங் (ஹாப்ங்குற கட்டரால கியர் பல்லு வெட்டுறது) போட்டுட்டு ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் வந்திருக்கீங்க, ரெண்டு மாசமா மெஷினைத் தொட விடாம அப்ரண்டிஸ் பசங்களோட உக்கார வச்சிருக்காங்க, அசிங்கமா இருக்கு, வேற கம்பெனி பாக்கலாமான்னு கேக்குறீங்க. இப்போதைக்கு வேண்டாம். வேற எடத்துக்குப் போனாலும் அனேகமா இதே கதைதான்.

நானும் வந்த புதுசுல இப்படித்தான் பொருமிக்கிட்டு கெடந்தேன், எங்க ஆளுங்க என்னை சீக்கிரமே மெஷின்ல விட்டுட்டாங்க, அதுதான் வினையாப் போச்சு. நீளமான பினியன் ஷாஃப்ட் (சின்ன கியரோட சேந்த தண்டு), ஹெலிக்கல், அதாவது பல்லு சாய்வா இருக்கும். மெஷரிங் சார்ட்டைப் பாத்தா லீட் கோடு (பல்லோட நீளவாக்குல சாய்வு எப்படி இருக்குன்னு காட்டுறது) ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, அட இது கூடத் தெரியாம செட் பண்ணி வச்சிருக்காங்களேன்னு நானே ஹெலிக்ஸுக்கு, அதாவது பல்லோட சாய்வுக்கு, கரெக்ஷன் குடுத்து கோட்டை நூல் புடிச்ச மாதிரி நேராக்கிட்டு ஷிப்ட் முழுக்க ஓட்டுனேன். யார்கிட்டயும் சொல்லல, ஊர்ப் பழக்கம். அது கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் சூட்டுல கெட்டியாக்குறது) போயிட்டு வந்தா கிரைண்டிங்ல பல்லோட ஒரு முனையில கல்லு படவே இல்ல, கறுப்பாவே நிக்குது, எதிர்முனையில அளவுக்கு மேல தின்னுடுச்சு. 900 டிகிரிக்கு மேல சூடாகி எண்ணெயில எறங்குனா ஹெலிக்ஸ் எவ்வளவு விரியும்னு முன்னாடியே கணக்கு பண்ணி, அதுக்காகவே வேணும்னே சாய்ச்சு வெட்ட வச்சிருந்தாங்க. நான் "சரி பண்ணதுல" அத்தனையும் ஸ்கிராப். மைஸ்டர் (ஷாப் தலைமை ஆளு) கத்தவே இல்ல, என்னைக் கொண்டு போய் மூணு வாரம் மெஷரிங் ரூம்ல உக்கார வச்சுட்டாரு. அதுவரைக்கும் கத்துக்காததை அந்த மூணு வாரத்துல கத்துக்கிட்டேன்.

அதனால நீங்களும் மைஸ்டர்கிட்ட வாய் விட்டுக் கேட்டு மெஷரிங் ரூம் வாங்கிக்கோங்க. ஹாப் மாட்டுறது, செட்டிங் போடுறதெல்லாம் நம்ம கைக்கு வரும், பழைய ஃபௌட்டர் மெஷின்லாம் ஓட்டியிருப்பீங்க (அந்த ஃபௌட்டர் 1897லயே கெம்னிட்ஸ்ல ஹாபிங் மெஷினைக் கொண்டு வந்தவரு, இவங்களுக்கு அதுல ஒரு பெருமை உண்டு). ஹார்டனிங்குக்கு முன்னாடி சார்ட் எப்படி இருக்கணும், பின்னாடி எப்படி மாறணும், அதைத்தான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்.

அந்தப் பசங்களையும் சின்னப் பசங்கன்னு நெனைக்காதீங்க. மூன்றரை வருஷ அவுஸ்பில்டுங்னு தொழிற்பயிற்சி, ஆரம்பத்துல அரம் புடிச்சு ராவுறதுல தொடங்கி, நடுநடுல பெருஃப்ஷூலேன்னு தொழிற்பள்ளி, ரெண்டு பாகமா பரீட்சை. நம்ம ஐடிஐ மெஷினிஸ்ட் ரெண்டு வருஷம்தான், அதான் நம்ம சர்டிபிகேட்டைக் குடுத்தா பல பேருக்கு பாதி அங்கீகாரம்தான் வருது. அந்த பேப்பர் வேலையை நம்ம தொழிலுக்குப் பெரும்பாலும் நூர்ன்பெர்க்ல இருக்குற ஐஹாகா ஃபோசாங்குற (IHK FOSA) ஆபீஸ் பாக்குது. கொறையிற பாகத்தை கம்பெனி ட்ரெய்னிங்ல முடிச்சு முழுசா வாங்கிட்டா நீங்க ஃபாக்அர்பைட்டர், அதாவது தகுதி பெற்ற தொழிலாளி, வாங்கலைன்னா எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் ஹெல்ப்பர் கிரேடு சம்பளத்துலயே நிறுத்திடுவாங்க, எங்க ஷாப்ல அப்படி நின்னவங்களைப் பாத்திருக்கேன்.

பாஷை வேற. இங்க 27ஐ "ஏழும் இருபதும்"னு சொல்லுவாங்க, அவசரத்துல 72 மைக்ரான்னு அடிச்சுடுவீங்க, நம்பரை மட்டும் திருப்பிச் சொல்லி கன்ஃபார்ம் பண்ணிக்கோங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க.

நீங்க எந்த விசாவுல வந்தீங்கன்னு எழுதவே இல்லையே? 2024 மார்ச்ல வந்த அங்கீகார பார்ட்னர்ஷிப் வழியா வந்திருந்தா கம்பெனியும் நீங்களும் சேந்துதான் அந்த அங்கீகாரத்தை முடிக்கணும், அதை விட்டுட்டு சும்மா ரிசைன் பண்ணுனா விசாவே சிக்கலாயிடும், வெளிநாட்டவர் ஆபீஸ்ல கேக்காம எதையும் பண்ணாதீங்க. பெர்மிட்ல என்ன சட்டப் பாரா நம்பர் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் எழுதுறேன், நைட் ஷிப்டுக்கு நேரமாச்சு.