காய்ச்சலுக்குப் பிறகு பல மூட்டுகளில் வீக்கம்: இது முடக்குவாதம்தானா?

மூன்று வாரத்துக்கு முன்பு காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்து போனது, இப்போது இரண்டு மணிக்கட்டும் விரல்களும் முழங்காலும் வீங்கியிருக்கின்றன, முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. பாக்டர் லேசாக பாசிடிவ், இனி வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து இப்போதே முடிவுக்கு வராதீர்கள். எனக்கும் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதே போல வந்தது. காலையில் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாது. அது முழுசாகப் போய்விட்டது, ஆனால் போகும் வரை இருந்த பயம் வலியைவிடப் பெரிது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கிருமியை எதிர்த்து உடம்பு போடும் சண்டையின் மிச்சம்தான் பெரும்பாலும் இது. எதிர்ப்புப் புரதங்களும் வைரஸின் துணுக்குகளும் சேர்ந்து மூட்டின் உள் சவ்வில் படிய, அந்தச் சவ்வு வீங்கி நீர் கோக்கிறது. பார்வோ வைரஸ் குழந்தைகளுக்குக் கன்னத்தில் சிவப்பாக வந்து போய்விடும். பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதே வைரஸ் இரண்டு கை விரல்களையும் ஒரே மாதிரி வீங்க வைத்துவிடும், பார்த்தால் முடக்குவாதம் போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். சிக்குன்குனியா கொஞ்சம் பிடிவாதமானது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஹெபடைடிஸ் பி கிருமியில் மஞ்சள் காமாலை தெரிவதற்கு முன்பே மூட்டு வீங்கலாம், அதனால் கல்லீரல் பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கோ சிறுநீர்த் தொற்றோ வந்து ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து வரும் வகை வேறு. அது முழங்கால், கணுக்கால் என்று காலைத்தான் அதிகம் பிடிக்கும், சமச்சீராகவும் இருக்காது, கூடவே கண் சிவந்தால் உடனே சொல்ல வேண்டும்.

சரி, ஆர்.ஏ. பாக்டர்? வைரஸ் தொற்று சமயத்தில் அது தற்காலிகமாக பாசிடிவ் ஆகும், வயதானவர்களில் எந்த நோயும் இல்லாத சிலருக்கும் இருக்கும். முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி-சிசிபி அதைவிட நம்பகமானது. மருத்துவர்கள் ஆறு வாரம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: அதற்குள் அடங்கினால் பெரும்பாலும் தற்காலிக வகை, அதைத் தாண்டியும் வீக்கம் நின்றால், காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், ருமாட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு நோய் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் உண்மையான முடக்குவாதத்தில் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைதான் எலும்பைக் காப்பாற்றும்.

அதுவரை வீங்கும்போதெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள், எந்த மூட்டு, எந்தத் தேதி என்று. டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருக்கும், அப்போது வெறும் வலி என்றுதான் அவர் நினைக்க வேண்டியிருக்கும். வலியும் வீக்கமும் மருத்துவத்தில் ஒன்றல்ல. சில மணி நேரமோ சில நாளோ வந்து தடமே இல்லாமல் போய், மறுபடி மறுபடி வரும் ஒரு வகை உண்டு, 1944-லேயே ஹென்ச், ரோசன்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் அதை விவரித்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் முடக்குவாதமாக மாறுகிறது, அதனால் வந்து வந்து போனாலும் தொடர்ந்து காட்டுங்கள்.

ஒன்று கெஞ்சியே கேட்கிறேன், கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் மாயமாக வடியும், ஆனால் என்ன நோய் என்பதும் சேர்ந்தே மறைந்துவிடும். காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும்தான், வேறு வலி மாத்திரை ரத்தக்கசிவை அதிகமாக்கலாம்.

அப்புறம் இரண்டு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்து, அசைக்கவே முடியாமல் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே மருத்துவமனை, உள்ளே சீழ் இருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துப் போகும். பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் மூட்டுக்கு மூட்டுத் தாவினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் மூட்டு தானாகச் சரியாகிவிடும், இதய வால்வு ஆகாது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் விடாமல் போட வேண்டியிருக்கும்.